எருக்கு மதினி

குருமணல்விளையில் உரக்கடை ஆதிலிங்கம் மூன்றாவதாகத் தாலி கட்டியது ஓர் எருக்கஞ்செடிக்கு. நான்காவதாக ஒரு பெண்ணுக்குக் கட்டவேண்டுமே என்றுதான் மூன்றாவதை எருக்குக்குக் கட்டினான். அந்த நான்காவதைக் கட்ட அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஏன் என்றால், அந்த எருக்கைப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவள் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் தேரிக்காட்டு ஓரத்தில், சிவப்பு மணல் காற்றோடு எழுந்து ரோட்டைக் கடக்கிற இடத்தில், பனைமட்டை வேலி கட்டிச் செடிக்கடை வைத்திருந்தாள். கேட்ட செடியைக் கேட்டவுடன் எடுத்து நீட்டுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. என்ன மண்ணு, எம்புட்டு நேரம் வெயில் விழும், யாரு பாத்துக்கிடுவா என்று மூன்று கேள்வி கேட்பாள். பதில் சரியில்லை என்றால் ரோஜா கேட்டு வந்தவர் அரளியோடு போவார், அரளி கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போவார். காற்றாலைக் கம்பெனி அதிகாரி ஒருத்தர் பங்களாத் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வரணும் என்று வந்து, சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கண்ணைப் பறிக்கிற வெளிநாட்டு எருக்கைக் கை காட்டியபோது, அவள் அதைத் தொடவிடவில்லை. பட்டாம்பூச்சிக்குப் பூவா முக்கியம், அது குஞ்சுக்குத் திங்க எலை வேண்டாமா, இது நம்ம வெயிலுக்கு எட்டு நாள் தாங்காது, பாதி வளந்த புழு பட்டினி கெடந்து சாவும் என்று சொல்லி, நாட்டெருக்கு நாலைக் கட்டி அனுப்பினாள். அடுத்த ஐப்பசியில் அந்தப் பங்களாச் சுவரே தெரியாத அளவுக்குப் பட்டாம்பூச்சி அடைந்தது என்பது ஊரறிந்த சங்கதி.

இத்தனை பார்த்துச் செடி கொடுத்தவள், தங்கச்சி செல்லக்கனியை மட்டும் மண்ணைப் பார்க்காமல் கொடுத்துவிட்டாள்.

தாய் போன பிறகு செல்லக்கனியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆதிலிங்கத்துக்கு இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தபோது, முதல் தாரம் கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்து செத்தவள் என்று சொன்னார்கள், இவளும் நம்பினாள், கடை இருக்கிறது, காரை வீடு இருக்கிறது, பிள்ளை வெயில் படாமல் இருப்பாள் என்று நினைத்தாள். யாரு பாத்துக்கிடுவா என்ற மூன்றாவது கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை. நாலாம் வருஷம் செல்லக்கனிக்குக் காய்ச்சல் வந்தது. அஞ்சு நாள் காய்ச்சல். அஞ்சு நாளும் தங்கபுஷ்பம் கஞ்சிச் செம்போடு போய் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றாள், அஞ்சு நாளும் உள்ளேயிருந்து ஆதிலிங்கம் அவ தூங்குதா, எழுப்பாண்டாம் என்று சொன்னான், ஆறாம் நாள் கேட்டைத் திறந்துவிட்டபோது செல்லக்கனியை நடுவீட்டில் வடக்குத் தெற்காகக் கிடத்தியிருந்தார்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்த உதட்டைத் தங்கபுஷ்பம் பார்த்தாள், குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

அன்றையிலிருந்து அவளுக்கு இரண்டு ஆசைதான். அந்த அஞ்சு நாளும் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அவன் வாயாலே ஊர் கேட்கச் சொல்லவேண்டும்; இனி ஒரு பெண் அந்த வாசல்படி ஏறக் கூடாது. சோறு தின்னும்போதும் அதுதான் நினைப்பு, நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதும் அதுதான் நினைப்பு. செல்லக்கனியைப் புதைத்த மேட்டில் தானாக ஓர் எருக்கு முளைத்து, பூத்து, காய் வெடித்து, பஞ்சு பறந்தபோது, அதில் ஒரு விதையைப் பிடித்து முந்தானையில் முடிந்து வந்து தொட்டியில் ஊன்றினாள். என்னத்துக்கு என்று அவளுக்கே அப்போது தெரியாது.

விதை ஊன்றி ஒன்றரை வருஷம் கழித்து ஆதிலிங்கத்தின் அக்கா அன்னப்பழம், ஒன்றும் நடக்காத முகத்தோடு ஆட்டோவில் வந்து செடிக்கடை முன்னால் இறங்கினாள். முப்பது வருஷம் பம்பாயில் மூன்றாம் மாடியில் குடியிருந்துவிட்டு, புருஷனும் போய், இங்கே செல்லக்கனியும் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்து சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள். மேற்கே பதநீர் இறக்குகிறவர் ஒருவருக்குக் கோமதி என்று ஒரு மகள், இருபது வயது, அவளைத் தம்பிக்குப் பேசி முடித்திருப்பதாகச் சொன்னாள். ஜோசியர் ஒரு குறை சொல்லிவிட்டார், தம்பிக்கு மூன்றாம் தாரம் நிலைக்காதாம். அதனால் மூன்றாம் தாலியை ஓர் எருக்குக்குக் கட்டி, அந்தக் கண்டத்தை எருக்கின் தலையில் இறக்கிவிட்டு, கோமதியை நாலாம் தாரமாகக் கூட்டிவர வேண்டும். வேறு ஊர்களில் தாலி கட்டிய கையோடு செடியை வெட்டிப்போடுவார்கள். குருமணல்விளையில் தாலி ஏறின எதன்மேலும் கத்தி வைக்கமாட்டார்கள், அது பெண்கொலையில் சேரும். தண்ணீர் ஊற்றாமல் வெயிலில் போட்டுவிட்டால் தானாகக் கருகும், கருகின அன்றைக்கு மாப்பிள்ளை தலைமுழுகிக்கொள்வான். இதையெல்லாம் சொல்லிவிட்டு அன்னப்பழம் கேட்டாள்:

"எது சீக்கிரம் சாவும், புஷ்பம்?"

தங்கபுஷ்பம் ஒவ்வொரு செடியாகக் காட்ட ஆரம்பித்தாள். வெள்ளெருக்கு பிள்ளையார் செடி, அதைக் கருகவிட எவனுக்கும் தைரியம் வராது. வேலிப்பருத்தியும் பால் வடிகிற சாதிதான், ஆனால் கொடி, தாலி கட்டினால் கழுத்து நிற்காது. வெளிநாட்டு எருக்கைப் பார்த்ததும் அன்னப்பழத்துக்குப் பிடித்துவிட்டது, போட்டோவில் நன்றாக விழும், எட்டு நாளில் தீர்ந்தும் போகும். அது எருக்கே இல்ல மதினி, ஜோசியர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க என்றாள் தங்கபுஷ்பம். அன்னப்பழம் அங்கே நின்றே போன் போட்டாள். நம்ம மண்ணில் தானாக முளைத்த தாய்ச்செடியின் விதையில் வந்த எருக்காக இருக்கணும் என்று ஜோசியர் சத்தம்போட்டது வெளியே ரோடு வரைக்கும் கேட்டது.

அப்போது தங்கபுஷ்பம் மூலையில் நின்ற தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சளவு வளர்ந்து, சாம்பல் பூத்த இலையும் ஊதாப் பூவுமாக அது நின்றது.

"இதக் கொண்டு போங்க மதினி. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதீங்க. நல்லா வெயில்ல வைங்க. பெறவு பாருங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. தேரிக்காட்டு எருக்குக்குத் தண்ணீர்தான் எமன், தினம் ஒரு குடம் ஊற்றினால் ஒரு மாதத்தில் வேர் அழுகிச் சாகும். தண்ணீர் காட்டாமல் போட்டால் பாறையைப் பிளந்துகொண்டு வளரும். இது குருமணல்விளையில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும், முப்பது வருஷ மூன்றாம் மாடிக்கு மறந்துபோயிருந்தது. ஆதிலிங்கத்துக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பெண் பார்க்கிற வேலை எப்போதும் அக்கா வேலை என்பதால், அவன் என்ன செடி என்றுகூடக் கேட்கவில்லை. கல்யாணத்தன்று முற்றத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்த ஊர்ச்சனம், பந்தியில் உட்காரும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது, இலையில் தண்ணீர் தெளித்தது, வாயைத் திறந்தது சோற்றுக்கு மட்டும்தான்.

எருக்குக்குக் கூறைப்பட்டு சுற்றி, பூ வைத்து, பொட்டு வைத்த பிறகு, கோயில் பண்டாரம் சொக்கலிங்கம் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு, தாரை வாக்க ஆள் வேணுமே என்று கேட்டார். அன்னப்பழம் அதை யோசித்திருக்கவில்லை. தங்கபுஷ்பம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தாள், என் வீட்டுப் பொண்ணு என்றாள், செம்பை வாங்கித் தாரை வார்த்தாள். ஆதிலிங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் மூன்று முடிச்சும் போட்டான்.

மூன்று நாள் எருக்கு மொட்டை வெயிலில் நின்றது. நாலாம் நாள் காலையில் தொட்டி மட்டும்தான் முற்றத்தில் இருந்தது. ஆதிலிங்கம் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடித்துத் திரும்பியபோது, நாற்காலிக்குப் பின்னால், கீறல் விழாத சிமெண்டுத் தரையில், கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு எருக்கு நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவன் எங்கே போனாலும் ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தால் போதும், அது வந்துவிடும். வருவதை யாரும் பார்த்ததில்லை, வந்து நிற்பதைத்தான் பார்த்தார்கள். முதல் நாள் டீக்கடை மாசிலாமணி எட்டிப் பார்த்து, மதினியும் வந்திருக்காவளா என்று கேட்டு, இன்னொரு கிளாஸைப் பெஞ்சில் வைத்தார், அன்றோடு அதற்கு மதினி என்று பெயர் நிலைத்தது. பஸ்சில் கண்டக்டர், பொம்பளயாள் நிக்காவ, ஒரு சீட்ட விடும்வே என்று ஆதிலிங்கத்தை எழுப்பிவிட்டார். கோயிலில் அது பெண்கள் வரிசையில் போய் நின்றது, பண்டாரம் இலையில் குங்குமம் வைத்தார். குடும்பக் கணக்கு எடுக்க வந்த டீச்சர் வாசலில் நின்று பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல், மனைவி என்ற கட்டத்தில் உண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை தெருப் பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மதினி மெலிஞ்சுட்டாவளே, வீட்ல எதுவும் குடுக்கதில்லையோ என்று அன்னப்பழம் காதில் விழுகிற மாதிரி பேசிக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி மழை முடிந்ததும், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரி போட்ட புழுக்கள் இலை முழுக்க ஊர்ந்தன, இணை இணையாகப் பச்சைக் காய்கள் பருத்துத் தொங்கின. பெண்கள் கூடிப் பேசி, ஏழு வகைச் சோறு கட்டி, கிளைகளில் கண்ணாடி வளையல் போட்டு வளைகாப்பு நடத்தினார்கள். ஆதிலிங்கம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வளையல் போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் செடி முற்றத்தில் இல்லை, உள்ளறையிலிருந்து வளையல் சத்தம் கேட்டது. புருஷன விட்டு ஒரு நிமிசம் இருக்க மாட்டா, பாசக்காரி என்று ஒருத்தி சொன்னாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், தங்கபுஷ்பமும் சிரித்தாள், செல்லக்கனி போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்கள்.

இதற்கிடையில் கோமதியின் தகப்பனார் வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார், மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தார், அதன் வளையலைப் பார்த்தார். மூத்தவ உசுரோட இருக்கையில எம்புள்ளய எப்படிங்க குடுக்கது என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த தாம்பாளத்தைக்கூடத் திரும்பக் கேட்காமல் எழுந்து போனார். அப்புறம் இரண்டு இடத்தில் பெண் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அதே பதில்தான்.

ஆதிலிங்கம் சும்மா இருக்கவில்லை. ஊர் வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மத்தியானம் அரிவாளால் ஓங்கி வெட்டினான். பால் பீறிட்டு இரண்டு கண்ணிலும் அடித்தது, ஏழு நாள் கண்ணைக் கட்டிப் படுத்திருந்தான், கட்டு அவிழ்த்த அன்றைக்கு, வெட்டின இடத்தில் ஒன்றுக்கு நாலாகக் கிளை விட்டு அது கட்டிலை ஒட்டி நின்றது. தன் கடையிலிருந்தே களைக்கொல்லி எடுத்து அடித்தான். எண்ணெய் தேய்த்த மாதிரி இலை மினுங்கியது. ரயிலேறிப் பம்பாய்க்குப் போனான். அங்கே அக்கா மகன் வீட்டு ஒற்றை அறையில் எட்டுப் பேர் குடியிருந்தார்கள், மூணாம் நாள் மருமகன், மாமா, நீங்க ஒருத்தர்னா சமாளிக்கலாம், அத்தையும் வந்துட்டாவ, இடம் இல்ல என்று சொல்லிவிட்டான். ஊர் வந்து இறங்கியபோது ஆதிலிங்கம் பாதியாகியிருந்தான். செடி ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்தது.

தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கே தெரியும்தான், ஆனால் பெண்டாட்டிக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றுவது என்கிற காரியம் அவன் புத்தியில் எந்த மூலையிலும் இல்லை, இல்லாத இடத்தில் தேடி எதை எடுப்பான்?

கடைசியில் அன்னப்பழம்தான் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினாள். அம்மன் கோயில் பந்தலில் பெரியவர்கள் உட்கார்ந்து, காலைப் பத்து மணிக்கு ஆரம்பித்து உச்சி வரைக்கும் பேசினார்கள். தாலி ஏறினது ஏறினதுதான், வெட்டுக்குத்து கூடாது, தாய்வீட்டார் வந்து பொண்ணைத் திரும்பக் கூட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் ஒரு துரும்பைப் பிடிச்சுக் கிள்ளிப் போட்டா பந்தம் அறும், வேற வழி இல்ல என்று தீர்ப்பு ஆனது. தாய்வீடு என்றால் தங்கபுஷ்பம். ஆள் அனுப்பினார்கள். அவள் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்து முடித்து, கையைக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு சாவகாசமாக வந்தாள்.

அன்னப்பழம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத, எங்கூடப் பொறந்தவன் உருகிப் போறான் என்றாள். எங்கூடப் பொறந்தவளும்தான் மதினி என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள் தங்கபுஷ்பம். பண்டாரம் ஒரு வைக்கோல் துரும்பை அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நீட்டாமல், பெரியவர்களைப் பார்த்து, பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னா, முன்ன குடுத்த பொண்ணு என்ன ஆனான்னு தாய்வீட்டுக்குத் தெரியணும், அந்த அஞ்சு நாள் என்ன நடந்ததுன்னு மாப்பிள்ளை வாயால சொல்லட்டும் என்றாள். நியாயம்தான் என்று மாசிலாமணி சொன்னார். நியாயம்தான் என்று கூட்டம் சொன்னது.

ஆதிலிங்கம் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் எருக்கு நின்றது, ஓர் இலை அசையவில்லை. காய்ச்சல்தான், காய்ச்சல்ல போயிட்டா என்றான். தங்கபுஷ்பம் துரும்பை நீட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம், வெதப்பு நேரம், கடையில ஆள் இல்ல என்றான். வெயில் பந்தலுக்குள் ஒரு கம்பு தூரம் நகர்ந்து வந்தது.

"அஞ்சாம் நாள் காலைலேர்ந்து தண்ணி கேட்டா," என்றான் ஆதிலிங்கம். "எந்திரிச்சு எடுத்துக் குடின்னேன். நடிக்கான்னு நெனச்சேன்."

"நெனச்சீயளா?"

அவன் தரை மணலில் விரலால் ஒரு கோடு போட்டான், அதை அழித்தான்.

"இல்ல," என்றான். "நடிக்கலன்னு தெரியும். வெளிய பூட்டிட்டுக் கடைக்குப் போயிட்டேன்."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களில் ஒருவர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். அன்னப்பழம் தம்பியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தங்கபுஷ்பத்துக்கு, இதைக் கேட்டுவிட்டால் நெஞ்சில் ஏதாவது இறங்கும் என்றுதான் இத்தனை காலம் நினைப்பு இருந்தது. ஒன்றும் இறங்கவில்லை. வெடித்த அந்த உதடுதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, இனி எப்போதும் அது நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆதிலிங்கம் துரும்பின் மறுமுனைக்காகக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அதில் அரிவாள் ஓங்கின அன்றைக்குப் பால் தெறித்த தழும்பு இருந்தது. அப்புறம் அவனுக்குப் பின்னால், வளையலும் கயிறுமாக நிமிர்ந்து நின்றதைப் பார்த்தாள்.

"மாப்பிள்ள, செடி விக்கிறவ சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க," என்றாள். "ஒங்க மண்ணுக்கும் ஒங்க வீட்டுக்கும் இவளத் தவிர வேற எவளும் ஆவாது. இவ எந்தக் காலத்துலயும் ஒங்ககிட்ட தண்ணி கேக்க மாட்டா."

துரும்பைக் கிள்ளாமல் முழுசாகக் கொண்டையில் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆதிலிங்கம் எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தான், பந்தலில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், இரண்டு பேர் போகிற அளவுக்கு.